சூலகத்தை எடுத்த பிறகும் வேலைக்குப் போகவேணும்

2015 மார்ச்சில் நடிகை அஞ்சலினா ஜோலி ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அம்மா, அம்மம்மா, சித்தி என்று மூன்று பேரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தனக்கும் பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு இருந்ததால், 39 வயதில் இரண்டு சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. தனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது, ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் உள்ள பட்டியொன்றை உடம்பில் ஒட்டிக்கொள்கிறேன் என்றும் எழுதினார். அந்தக் கட்டுரையைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் மரபணுவைப் பற்றியே கதைத்தன. பட்டியைப் பற்றி அவ்வளவாக ஒருத்தரும் கதைக்கவில்லை. நாங்கள் கதைக்கப்போவது அந்தப் பட்டியைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். எங்கட வீடுகளில் “கர்ப்பப்பை எடுத்தாச்சு” என்று ஒரே வசனத்தில் சொல்லி முடிப்பார்கள். அதற்குள் இரண்டு வேறு ஒப்பரேசன்கள் இருக்கின்றன. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் இரத்தப்போக்கு நின்றுவிடும், ஆனால் சூலகம் தன்பாட்டில் ஹோர்மோன் சுரந்துகொண்டிருக்கும். இரண்டு சூலகங்களையும் சேர்த்து எடுத்தால் கதையே வேறு. இயற்கையாக என்றால் 45க்கும் 55க்கும் இடையில், சில வருடங்களாக மெல்ல மெல்ல நடக்கும் மாற்றம், இங்கே ஒன்றிரண்டு நாளில் நடந்து முடிந்துவிடும். உடம்புக்குப் பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. திடீரென்று முகமும் கழுத்தும் கொதிக்கும், இரவில் வியர்த்து நித்திரை கெடும், மூட்டு நோகும், நாக்கு நுனியில் இருக்கிற சொல் வராது. வருடங்கள் போகப் போக எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். ஆனால் வெளியில் தெரிவது வயிற்றில் ஒரு தழும்பு மட்டும்தான். சில கிழமைகளில் அது ஆறிவிடும், லீவும் முடிந்துவிடும்.

இந்த நிலைமைக்கு 150 வருட வரலாறு இருக்கிறது. அதில் மருத்துவர்கள், மருந்துக் கம்பனிகள், ஆராய்ச்சியாளர்கள் என்று கனபேர் இந்தப் பெண்ணைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். நாளைக் காலை வேலைக்குப் போகவேண்டிய ஒருத்தி என்று அவளை யோசித்தவர்கள்தான் மிகக் குறைவு.

1872 இன் கோடையில், சில கிழமை இடைவெளிக்குள், மூன்று பேர் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்தார்கள். ஜேர்மனியின் பிரைபூர்க்கில் அல்பிரட் ஹேகார், இங்கிலாந்தின் பேர்மிங்காமில் லோசன் ரெய்ற், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ரோபேட் பற்றி. சூலகத்தில் பெரிய கட்டி வந்தால் வெட்டி எடுப்பது அதற்கு முன்பே 1809 இல் தொடங்கிவிட்டது. இது அப்படியில்லை. பற்றி எடுத்தது கட்டியில்லாத சூலகங்களை. அவருடைய நோக்கம், மாதவிடாய் நிறுத்தத்தை வேண்டுமென்றே கொண்டுவருவது. மாதவிடாயோடு சேர்ந்து வரும் வலி, வலிப்பு, ‘நரம்புக் கோளாறு’ எல்லாம் அத்தோடு நின்றுவிடும் என்று அவர் நம்பினார். நாங்கள் இன்று பக்கவிளைவு என்று சொல்வதுதான் அன்றைக்கு அவருக்குச் சிகிச்சை.

‘பற்றி ஒப்பரேசன்’ அத்திலாந்திக்கின் இரண்டு கரைகளிலும் பரவியது. ‘ஹிஸ்ரீரியா’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கும் செய்தார்கள். 1886 இல் லிவர்பூலில் பெண்கள் மருத்துவமனை ஒன்றில் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பியது. எடுத்தது சரியா பிழையா என்பதோடு இன்னொரு கேள்வியும் அங்கே எழுந்தது: எடுத்தால் என்ன நடக்கும் என்று அந்தப் பெண்களுக்கு முதலே சொன்னீர்களா? அந்தக் கேள்விக்கு இன்னும் வயது போகவில்லை.

அதே காலத்தில் ஒருத்தர் வேறு மாதிரி யோசித்தார். 1873 இல் எட்வேர்ட் கிளார்க் என்ற ஹார்வர்ட் மருத்துவர், பெண்பிள்ளைகள் மாதவிடாய்க் காலத்தில் மூளைக்கு வேலை கொடுத்தால் கர்ப்ப உறுப்புகள் கெட்டுப்போகும் என்று ஒரு புத்தகம் போட்டார். அதற்குப் பதில் எழுதிய மேரி புட்னம் ஜக்கோபி செய்தது மிகச் சாதாரணமான காரியம். பெண்களிடமே கேட்டார். ஆயிரம் கேள்விக்கொத்துகளை அனுப்பினார், 268 பதில்கள் வந்தன. வலி இருக்கிறதா, எவ்வளவு, எவ்வளவு தூரம் நடக்கிறாய், என்ன வேலை செய்கிறாய் என்றெல்லாம் கேட்டு, ஓய்வு கட்டாயம் தேவை என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். அந்த ஆய்வுக்கு 1876 இல் ஹார்வர்டின் பொய்ல்ஸ்ரன் பரிசே கிடைத்தது. அவர் கேட்டது மாதவிடாயைப் பற்றி, அது நின்ற பிறகு வருவதைப் பற்றி இல்லை. 

ஹோர்மோன் சிகிச்சை யாருக்காகத் தொடங்கியது தெரியுமா? வயது போக விரும்பாத பணக்காரப் பெண்களுக்காக இல்லை. 1890களின் நடுப்பகுதியில் பேர்லின், வியன்னா மருத்துவர்கள், சூலகம் எடுக்கப்பட்டு உடம்பு கொதித்துத் தவித்த பெண்களுக்கு மிருகங்களின் சூலகத்தை உலர்த்தித் தூளாக்கி வில்லையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதாவது, முதல் நோயாளிகளே இந்தச் சத்திரசிகிச்சைப் பெண்கள்தான். அதில் எவ்வளவு வேலை செய்தது என்பது வேறு கதை. ‘ஹோர்மோன்’ என்ற சொல்லே 1905 இல்தான் வந்தது. 1929 இல் அமெரிக்காவில் எட்வேர்ட் டொய்சியும் ஜேர்மனியில் அடோல்ப் பூற்றனான்டும் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பிறகு கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரமரின் குளிசை 1941 இல் கனடாவிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தது. கர்ப்பிணி, பெண் குதிரை, சிறுநீர் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் வெட்டி ஒட்டித்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள்!

சந்தை என்று வந்ததும் முகம் மாறிவிட்டது. 1966 இல் ரோபேட் வில்சன் என்ற நியூயோர்க் மருத்துவர் ‘என்றென்றும் பெண்மை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிறுத்தம் ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரஜன் எடுத்தால் இளமை போகாது, வீட்டில் சண்டை வராது என்பதுதான் சாரம். ஹோர்மோன் விற்ற கம்பனிகளின் பணம் அவருக்குப் போனது பிறகு வெளியே வந்தது. மருத்துவ இதழ்களில் வந்த விளம்பரங்களோ கணவனின் நிம்மதியைப் பற்றிக் கவலைப்பட்டன. சூலகம் இல்லாமல் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் குளிசை அழகுசாதனமில்லை, உடம்பில் இல்லாமல் போனதற்குப் பதில். அந்த வித்தியாசம் விளம்பரத்துக்குள் கரைந்துபோனது.

1975 டிசம்பரில் ஒரே மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள், கர்ப்பப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று சொன்னன. விற்பனை விழுந்தது. பிறகு புரொஜஸ்ரோஜனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கர்ப்பப்பை இல்லாதவளுக்கு அந்த இரண்டாவது மருந்து தேவையில்லை. இந்தச் சின்ன விபரத்தை மனதில் வைத்திருங்கோ, அடுத்து வருவதற்கு அது வேணும்.

2002 யூலை. அமெரிக்காவின் ‘வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேற்றிவ்’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள், ஈஸ்ட்ரஜனும் புரொஜஸ்ரோஜனும் சேர்ந்த குளிசை. 10,000 பெண்களை ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்குக் கூட, பக்கவாதம் 8 பேருக்குக் கூட, மாரடைப்பு போன்றவை 7 பேருக்குக் கூட, இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. பத்திரிகைத் தலைப்புகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் போகவில்லை. ‘ஹோர்மோன் எடுத்தால் புற்றுநோய்’ என்று மட்டும் போனது. உலகம் முழுக்கப் பெண்கள் குளிசையைக் குப்பையில் போட்டார்கள், டொக்டர்மார் எழுதுவதை நிறுத்தினார்கள்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார்? 50 முதல் 79 வயது வரையானவர்கள், சராசரி வயது 63. பெரும்பாலானோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கும் மேல். இயற்கையாகவே ஹோர்மோன் குறைந்துவிட்ட உடம்புக்கு மேலதிகமாக ஹோர்மோன் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் அங்கே அளக்கப்பட்டது. 38 வயதில் சூலகம் எடுக்கப்பட்ட ஆசிரியைக்கு, இன்னும் பன்னிரண்டு வருடம் உடம்பே சுரந்திருக்க வேண்டிய ஹோர்மோனைத் திருப்பிக் கொடுப்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு 63 வயதுக்காரியின் விடையை எடுத்து ஒட்டினார்கள். இந்த வரலாற்றிலேயே எங்களுக்குக் கூடக் கோபம் வந்த இடம் இதுதான். ஏனென்றால் இங்கே கெட்ட எண்ணத்தோடு ஒருத்தரும் இல்லை. பற்றியைப் போல ஒரு பிடிவாதக்காரரோ வில்சனைப் போல ஒரு வியாபாரியோ இல்லை. கவனமாகச் செய்த நல்ல ஆய்வு, கவனமில்லாமல் வாசிக்கப்பட்டது.

அதே திட்டத்தின் இன்னொரு பகுதியில், கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்கள் ஈஸ்ட்ரஜன் மட்டும் எடுத்தார்கள், அல்லது போலிக் குளிசை எடுத்தார்கள். 2004 இல் அதுவும் நிறுத்தப்பட்டது, பக்கவாதம் கூடியதால். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இந்த முடிவுக்கு முதலாவதற்குக் கிடைத்த தலைப்புகள் கிடைக்கவில்லை. 2013 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 50–59 வயது அமெரிக்கப் பெண்கள் பயத்தில் ஈஸ்ட்ரஜனைத் தவிர்த்ததால் பத்து வருடத்தில் குறைந்தது 18,601 பேர் வேளைக்கு இறந்திருக்கலாம் என்று. அது மதிப்பீடுதான். பயத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

இப்போதைய வழிகாட்டல்கள் நேராகவே சொல்கின்றன: 45 வயதுக்கு முதல் இரண்டு சூலகங்களும் போனால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதுவரையாவது ஹோர்மோன் எடுப்பதைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேணும். பட்டியாகவோ ஜெல்லாகவோ தோலால் எடுத்தால் இரத்தம் கட்டிபடும் ஆபத்து குளிசையைவிடக் குறைவு.

சரி, மருந்து ஒருவழியாக வந்துவிட்டது. வேலைத்தலம்? 2012 இல் பிரித்தானியத் தொழில் தீர்ப்பாயம் ஒன்றுக்கு ஒரு வழக்கு வந்தது. மாதவிடாய் நிறுத்தக் காலத்தில் இருந்த ஒரு பெண்ணை, வேலை சரியில்லை என்று நிறுத்தியிருந்தார்கள். கவனம் சிதறுவதற்கு இதுதான் காரணம் என்று டொக்டரின் கடிதம் கொடுத்திருந்தார். மேலாளர் மருத்துவ விசாரணை எதுவும் செய்யவில்லை. தன் மனைவியின் அனுபவத்தையும் இன்னொரு ஊழியரின் அனுபவத்தையும் வைத்துத் தானே தீர்மானித்துவிட்டார். வேறெந்த நோயையும் இப்படி நடத்தியிருக்க மாட்டார், ஆகவே இது பாலின அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. “என்ர மனுசிக்கும் வந்தது, அவ சமாளிச்சவதானே” என்ற வசனத்தை எங்கட ஒஃபிசுகளில் கேட்காதவர்கள் கையைத் தூக்குங்கோ.

அந்தப் பெண்ணிடம் டொக்டரின் கடிதமாவது இருந்தது, போக ஒரு தீர்ப்பாயமும் இருந்தது. கடிதமும் இல்லாத, நாட்கூலியில் ஓடுகிற வேலைகளில் இந்த ஒப்பரேசன் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக்குப் போகவேணும். அங்கேயிருந்து ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. கணவனும் மனைவியும் சேர்த்து ஒரே ‘கொய்தா’, அதாவது ஒரே அரிவாள் என்றுதான் கணக்கு. முற்பணம் வாங்கியாயிற்று. ஒரு நாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரர் 500 ரூபாய் தண்டம் பிடிப்பார். வயலில் மலசலகூடம் இல்லை, தண்ணீர் இல்லை. மாதவிடாய் என்றால் ஒன்றிரண்டு நாள் போய்விடும். வெள்ளை படுகிறது, வயிற்று நோ என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், ‘எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் புற்றுநோய் வரும்’ என்றார்கள். 2019 இல் விடயம் வெளியே வந்து, நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. விசாரித்த 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. பலர் நாற்பதைத் தொடாதவர்கள்.

1872 இல் பற்றி ‘நரம்புக் கோளாறு’க்காக வெட்டினார். இங்கே வேலைநாள் குறையக்கூடாது என்பதற்காக வெட்டப்பட்டது. சூலகமும் சேர்ந்து போனவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் பட்டியைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? சூலகம் மிஞ்சியவர்களுக்கும் அது வழமையைவிட வேளைக்கு ஓயக்கூடும். நாரி நோவோடும் மூட்டு நோவோடும் அடுத்த பருவத்துக்கும் அரிவாளோடு போகவேண்டியதுதான், முற்பணக் கடனில் இப்போது ஒப்பரேசன் செலவும் சேர்ந்திருக்கும். இப்படித் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைப் பற்றி 2013 இலேயே இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போயிருந்தது. மாநிலங்கள் கண்காணிப்பு வழிகாட்டலை நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற உத்தரவு 2023 ஏப்ரலில் வந்தது.

எங்கட நாட்டில் நிலைமை பீட் மாதிரி என்று நாங்கள் சொல்லவரவில்லை. இலவச ஆஸ்பத்திரி இருக்கிறது. 1996 முதல் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று ‘வெல் வுமன் கிளினிக்’ இருக்கிறது. கர்ப்பப்பைக் கழுத்து, மார்பகம், பிரஷர், சீனி எல்லாம் அங்கே பார்ப்பார்கள். மாதவிடாய் நிறுத்தத்தைப் பற்றியும் கேட்கலாம், ஆனால் நாங்கள் கேட்டால்தான் கதை தொடங்கும்.

கேட்பதற்கு முதல் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். அம்மாவோ பெரியம்மாவோ ஒப்பரேசன் முடிந்து வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட் எங்கேயாவது பைலுக்குள் இருக்கும். அதில் ரி.ஏ.எச். என்று மட்டும் இருந்தால் எடுத்தது கர்ப்பப்பையை. பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்றும் எழுதியிருந்தால் இரண்டு சூலகங்களும் போயிருக்கின்றன. அப்போது அவவுக்கு என்ன வயது என்று பாருங்கோ. 45க்குக் கீழே என்றால், அடுத்த கிளினிக் நாளுக்கு அந்தக் காட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கோ. லீவு கிடைக்குமென்றால் நீங்களும் கூடப் போங்கோ.