ஆவடிக் களிப்பாறையும் அத்திரம்பாக்கக் கைக்கோடரியும்: ஆய்வுத் துறைகளிடையே ஒத்திசைவு உருவான வரலாறு

முன்னுரை

திருமுல்லைவாயிலை அடுத்த ஆவடியின் பெயர், நிலவியலில் ஒரு பாறைத் தொகுதிக்கும் வழங்குகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன், கிரெட்டேசியஸ் காலத்தில் படிந்த களிப்பாறை அது. ஆவடிக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் நிலவியலும் தொல்லியலும் முரண்பட்டதற்கு இப்பாறையே காரணமாயிற்று. அம்முரண் தீர்ந்த விதத்தைக் கொண்டு, பல துறைகளின் முடிவுகள் ஒத்திசைவது எப்போது சான்றாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலவியலாளர் தொடங்கிய தொல்லியல்

இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். கருவியை அது கிடந்த மண்ணடுக்கோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்ற நெறி அவர்களிடமிருந்து தொடங்குகிறது.

1930இல் காமியேடும் பர்கிட்டும் தென்கிழக்கு இந்தியக் கற்கருவிகளை மழை மிகுந்த, வறண்ட காலங்களோடு பொருத்தி வரிசைப்படுத்தினர். அந்தப் பத்தாண்டிலேயே பேட்டர்சனும் வி. டி. கிருஷ்ணசாமியும் கொசஸ்தலையாற்றின் படித்தளங்களை ஆராய்ந்தனர். இவ்வகை ஆய்வில் ஓர் இடர் உண்டு. படித்தளத்தின் காலத்தைக் கருவியைக் கொண்டும், கருவியின் காலத்தைப் படித்தளத்தைக் கொண்டும் கணித்தால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். அப்பொருத்தம் எதையும் நிறுவுவதில்லை.

முரணும் தீர்வும்

1999இல் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் புதிய அகழாய்வைத் தொடங்கினர். அடியிலிருந்த களிமண் அடுக்கை முந்தைய ஆய்வாளர்கள் கிரெட்டேசியஸ் காலக் களிப்பாறை என்றே கொண்டிருந்தனர். அந்த அடுக்குக்குள்ளேயே அச்சூலியன் கைக்கோடரிகள் கிடைத்தன. மனித இனமே தோன்றாத காலத்துப் பாறைக்குள் மனிதர் செய்த கருவி எப்படி வரும்? படிவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அது மிகப் பிற்பட்ட பிளைஸ்டோசீன் கால ஆற்றுப் படிவு எனத் தெரிந்தது. தொல்லியல் சான்று நிலவியல் கணிப்பைத் திருத்தியது.

அடுத்து இயற்பியல் வந்தது. தரைமேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தபின் இவை வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சும் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, இம்முறையில் அக்கருவிகளுக்குச் சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு வயது கண்டது. அப்படிவுகளின் காந்தத் திசையோ இன்றைக்கு நேர்மாறாக இருந்தது. புவிக்காந்தம் இறுதியாகத் திசை மாறியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். படிவு அதற்கும் முந்தையது என்பது இதனால் உறுதிப்பட்டது.

காந்தச் சான்று 15 லட்சம் என்ற எண்ணைத் தரவில்லை. ஆனால் கணக்கு பெரிதும் பிழைத்திருந்தால் அதை மறுக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது, அது மறுக்கவில்லை.

முடிவுரை

தனித்தனி வழியில் பெற்ற முடிவுகள் ஓரிடத்தில் கூடுவதே வலுவான சான்று என்று வில்லியம் ஹ்யூவெல் 1840இல் வாதிட்டார். அத்திரம்பாக்கம் அதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறது: ஒரு துறை மற்றொன்றை மறுக்க இடமிருக்க வேண்டும். மறுக்க இடமில்லாத துறைகளின் உடன்பாட்டை ஆய்வாளர்கள் சான்றாகக் கொள்ளலாகாது.