சிறுதேரும் மடிப்பு வண்டியும்

பட்டினப்பாலையில் ஒரு சிறு வண்டி உருள்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அகன்ற முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியையே கழற்றி எறிவதாகக் காட்டுகிறார். எறிந்த காதணி, குதிரை இல்லாமல் சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பொன்னை எறிகல்லாகப் பயன்படுத்தும் அந்த வளத்தைத்தான் உரைகாரர்கள் வியந்திருக்கிறார்கள். நான் இங்கே வண்டியைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறேன்.

தங்கள் முன்னோர் அந்தக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் என்பது நகரத்தார் மரபுச் செய்தி. அவர்கள் வாழ்ந்து செழித்த ஊர்களுள் ஒன்று காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர். இன்று பள்ளத்தூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்று குடியேறிய இளம் பெற்றோர், பிள்ளை பிறந்ததும் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, எந்தத் தள்ளுவண்டியை வாங்குவது என்பது. சிறியதாக இருக்க வேண்டும், மடங்க வேண்டும், காரின் பின்புறத்தில் அடங்க வேண்டும், பிறந்த குழந்தைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கடைவீதி விவகாரம் போலத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது.

சங்கப் பாடல்களில் வரும் குழந்தைத் தேர்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். அவற்றில் குழந்தை பயணி அன்று. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் கூறும் பிள்ளைகள், தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும் அதைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் சிறுவர்கள், எவரும் ஏறிச் செல்லாத அழகிய தேரை உருட்டித் தளர்ந்து, செவிலியிடம் பாலருந்தி உறங்கிப் போகிறார்கள். பிள்ளைத்தமிழ் இலக்கணமும் இதற்கு இசைந்ததே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிறுதேர்ப் பருவம் இறுதியானது. குழந்தை தவழ்ந்து, தளர்நடையிட்டு, ஓடியாடத் தொடங்கிய பிறகே தேர் வருகிறது. நம் வீடுகளில் இன்றும் உள்ள மர நடைவண்டியும் இந்த மரபின் கிளைதான். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு சட்டம், பின்னால் நின்று தள்ளுவது குழந்தை.

ஆக, தமிழ் மரபில் குழந்தை வண்டியைத் தள்ளியது. வண்டியில் குழந்தையை வைத்துப் பெரியவர்கள் தள்ளும் வழக்கம் நம்மிடையே வேர்கொள்ளவில்லை. அதன் காரணம் தச்சுத் திறமைக் குறைவன்று. மலைபோன்ற கோயில் தேர்களைச் செய்தவர்களுக்கு ஒரு குழந்தை வண்டி பெரிய காரியமில்லை. தேவை எழவில்லை என்பதே உண்மை. பகலில் குழந்தை ஒக்கலையில் இருந்தது. உறங்கும் நேரத்தில் தூளியில், ஏணையில், தொட்டிலில் இருந்தது. ஒரு இடுப்பு களைத்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு இடுப்பு வீட்டில் இருந்தது.

பள்ளத்தூர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தெருமட்டத்திலிருந்து உயர்ந்த அடித்தளம்; ஏறிச் செல்லப் படிகள்; திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அமைப்பு. பர்மாத் தேக்கு நிலைகளின் ஒவ்வொரு வாசற்படியும் காலைத் தூக்கி வைத்தே கடக்க வேண்டியது. வளவைச் சுற்றிலும் உள்ள அறைகள் மகன்களின் குடும்பங்களுக்கு உரியவை. நடுவில் திறந்த முற்றம். இந்த வீட்டுக்குள் சக்கரம் பத்தடி உருளும். பிறகு ஒரு படி வரும். ஆனால் கையிலிருந்து கைக்குக் குழந்தை போய்க்கொண்டே இருக்கும். அந்த வீடு கைகளை நம்பிக் கட்டப்பட்டது.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1733இல் வில்லியம் கென்ட் என்னும் தோட்டக்கலை வல்லுநர், டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டியைச் செய்தார். அதை இழுக்கச் சிறு விலங்கு ஒன்றைப் பூட்டவேண்டும். அதாவது அங்கும் தொடக்கத்தில் அது ஒரு சிறுதேர்தான். மேட்டுக்குடியின் விளையாட்டுப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கு விலகி, மனிதர் தள்ளுவதற்கான கைப்பிடி வந்தது. 1853இல் சார்லஸ் பர்ட்டன் இங்கிலாந்தில் இத்தகைய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் பெரிய சக்கரங்களும் வில்லுகளும் கொண்ட 'ப்ராம்' வண்டிகளால் புகழ் பெற்றது. 1889இல் அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி வைக்கத்தக்க வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குழந்தைக்கும் தாய்க்கும் இடையே பார்வை வேண்டும் என்பதை ஒரு பொறிமுறையாக மாற்றியவர் அவர்.

ஆனால் செல்வர் வீட்டு ப்ராமைத் தள்ளியவள் பெரும்பாலும் தாய் அல்லள். கூலிக்கு அமர்த்தப்பட்ட தாதி. ஆங்கிலேயர் இந்தியாவிலும் அவ்வாறே. இங்கே அவளுக்குப் பெயர் 'ஆயா'. ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல் போர்ச்சுக்கீசிய மொழியின் 'அயா' என்பதிலிருந்து வந்தது என்பர் அகராதியாளர். நம் செட்டிநாட்டில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். நகரத்தில் ஆயா என்றால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பவள். ஓசையால் ஒன்றான இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம்தான், பள்ளத்தூர் வளவுக்கும் சென்னை அடுக்குமாடிக்கும் இடையே உள்ள தூரம்.

குழந்தை வண்டியை உலகின் நினைவில் பதித்த காட்சி ஒன்று உண்டு. ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' 1925இல் வெளிவந்தது. ஒடெசாப் படிக்கட்டில் தாய் சுடப்பட்டு வீழ, குழந்தையோடு வண்டி தானாகப் படிகளில் உருண்டு இறங்குகிறது. அக்காட்சி நம் நெஞ்சைப் பதறச் செய்வதற்கு அரசியலைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. ஒக்கலையில் உள்ள குழந்தை, சுமப்பவள் விழுந்தால் அவளோடு விழும். வண்டியில் உள்ள குழந்தையோ கை விலகிய கணத்திலிருந்து தனியே போய்விடும். சக்கரம் தரும் வசதியும் அது தரும் அச்சமும் ஒன்றே. தடையமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று கடையில் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் தகப்பனுக்கு இது விளக்காமலே தெரியும்.

கனத்த ப்ராமை இலேசான மடிப்பு வண்டியாக மாற்றியவர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்த பொறியாளர். பின்னாளில் ஒரு பேத்திக்குத் தாத்தா. வெளிநாட்டிலிருந்து வந்த மகள், கனத்த குழந்தை வண்டியோடு அல்லாடுவதைப் பார்த்தார். பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளவும் இறங்கும்போது உறுதியாக நிற்கவும் வேண்டிய விமானச் சக்கரத்தின் சூத்திரம் அவருக்குத் தெரியும். அலுமினியக் குழாய்களால், குடைபோல் மடங்கும் வண்டி ஒன்றை அமைத்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. எடை ஆறு பவுண்டு, ஏறத்தாழ 2.7 கிலோ. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி என்று ஒரு பெண் துணையின்றிப் பேருந்தில் ஏற முடிந்தது. ப்ராம் தாதியைக் கருதிச் செய்யப்பட்டது. மடிப்பு வண்டி தனித்த தாயைக் கருதிச் செய்யப்பட்டது. இன்றைய சிறிய வண்டிகள் எல்லாம் அதன் வழிவந்தவை. 2012இல் வெளிவந்த பேபிசென் யோயோ, விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியில் அடங்கும் அளவுக்கு, மடித்தால் 52, 44, 18 சென்டிமீட்டராகச் சுருங்கியது.

பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளினால் அரவணைப்பு குறையும் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. உடற்சூடும் நெஞ்சத் துடிப்பும் பச்சிளங்குழந்தைக்கு வேண்டியவையே. ஆனால் அன்றைய இடுப்புகள் யாருடையவை என்றும் கேட்கவேண்டும். தாய், அப்பத்தா, ஆயா ஆகியோருடன், பத்து வயதுகூட நிரம்பாத அக்காளின் இடுப்பும், வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் இடுப்பும் அவற்றில் உண்டு. தன் பிள்ளையைக் குடிசையில் விட்டுவிட்டு இன்னொருத்தியின் பிள்ளையைச் சுமந்தவள் அவள். அந்தக் காலத்தின் கதகதப்பைப் பேசுகிற நாம் அவர்களுடைய முதுகுவலியைப் பேசுவதில்லை. தம்பியைச் சுமந்ததால் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. பள்ளத்தூரிலேயே இன்று சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. படித்த பெண் வேலைக்குப் போவாள். வேலை இருக்கும் ஊரில் குடியிருப்பாள். அங்கே வளவு இராது. வண்டி வருவது அன்பு குறைந்ததனால் அன்று, கைகள் குறைந்ததனால்.

பிறந்த குழந்தை என்னும் நிபந்தனைக்கு இனி வருவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு கணவன் வீடு திரும்புவது என்பதும் நம் வழக்கம். அந்தத் தொடக்க மாதங்களில் குழந்தை வெளியே போகவேண்டிய அவசியமே இல்லை. இப்போது பிரசவம் நகரத்து மருத்துவமனையில். தடுப்பூசிக்கும் சோதனைக்கும் ஓரிரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. கழுத்து நிற்காத அந்தப் பருவத்தில் சாய்ந்து உட்காரும் இருக்கை ஆகாது. தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். ஆகவே குழந்தை ஏறத்தாழ மல்லாந்து படுக்கும்படி இருக்கை விரியவேண்டும். ஐரோப்பியத் தர விதி, பிறந்த குழந்தைக்கான இருக்கையில் முதுகுப் பகுதிக்கும் அமரும் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 பாகைக் கோணம் கேட்கிறது. சிறிதாக மடங்கும் வண்டிகளில் பல, இந்த விரிவைக் கைவிட்டே அந்தச் சிறுமையை அடைகின்றன. அவை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு உரியவை. எனவே எடையைக் கேட்பதற்கு முன் கோணத்தைக் கேட்கவேண்டும். தோள், இடுப்பு, கால்கவடு ஆகியவற்றைப் பிணைக்கும் ஐந்துமுனைப் பட்டை, ஒரு கையால் மடிக்கும் அமைப்பு, மின்தூக்கி நின்றுபோன நாளில் மாடிப்படியில் தூக்கத்தக்க எடை ஆகியவை அடுத்து வருவன. வெயிலுக்காக வண்டி முழுவதையும் துணியால் மூடுவது கூடாது. உள்ளே வெக்கை கூடிக் குழந்தை அவியும்.

மடிப்பதிலும் ஆபத்து உண்டு. கீல்களில் விரல் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான பன்னிரண்டு நிகழ்வுகள் தெரியவந்ததால், 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்லாரன் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. கீல்களை மூட உறைகள் வழங்கப்பட்டன. விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையை எட்ட நிறுத்துவது இன்றும் பொருந்தும் பாடம்.

எவ்வளவு நல்ல வண்டியானாலும் அது உருளத் தெரு வேண்டும். பள்ளத்தூரில் தெருக்கள் அகன்றும் நேராகவும் இருக்கின்றன. வீடுதான் சக்கரத்தை மறிக்கிறது. சென்னையில் வீடு சமதளம், மின்தூக்கியும் உண்டு, தெருதான் மறிக்கிறது. நடைபாதை என்றிருப்பதன் மேல் மின்மாற்றி, நிறுத்திய இருசக்கர வண்டி, பெயர்ந்த பலகைக்கல். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர், மிதிவண்டியோட்டிகள் நலனுக்கான கொள்கை ஒன்றை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைவளாகம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் முதல் வண்டியை மடிக்காமலே குழந்தையோடு பேருந்தில் ஏற்ற அனுமதி வந்தது. அங்கே தாய் மடிப்பதைக் குறைக்கப் பேருந்து இடம் விட்டது. இங்கே பேருந்தும் தெருவும் விடாத இடத்துக்காக வண்டி மேலும் மேலும் சுருங்குகிறது. சிறிய வண்டி வேண்டும் என்னும் ஆசையில் பாதி, நம் நகரங்களின் குறைதான்.

இறுதியாக ஒன்று. நகரத்தார் ஆடவர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், முகவராகச் சென்றவர் ஒரு தவணைக்கு மூன்றாண்டு தங்குவது வழக்கம். மனைவி ஊரிலேயே இருப்பாள். வயிற்றுப் பிள்ளையை விட்டுக் கப்பலேறியவர் திரும்பி வரும்போது, அது நடைவண்டியையும் கடந்து ஓடிக்கொண்டிருக்கும். வந்தவரை யாரென்று கேட்கும். அந்த வீடுகளில் குழந்தைக்கு எத்தனையோ கைகள் இருந்தன. தகப்பன் கை மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது. இன்று சென்னைப் பூங்கா ஒன்றில், மாலை நேரத்தில், மூன்று மாதக் குழந்தையை மல்லாத்திய மடிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் அந்தக் கொடிவழியில் வந்த ஒருவனாக இருக்கலாம். இழந்தவற்றின் கணக்கு நீளமானது. ஆனால் தகப்பன் கை வந்து சேர்ந்ததையும் அந்தக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.