காமிராவின் எச்சரிக்கைக் குறிகள்

புகைப்படக் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்தை வியூபைண்டர் என்கிறோம். படத்தில் எவை அடங்கும், எவை அடங்கா என்று காட்டுவது அதன் முதற்கடமை. ஆனால் இன்றைய டிஜிட்டல் காமிராவின் சாளரத்தில் காட்சியோடு வேறு பலவும் தெரிகின்றன. கீழ் ஓரத்தில் எண்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. சில வேளைகளில் ஓர் எண் விட்டுவிட்டு மின்னுகிறது. பாட்டரியின் உருவம் பாதியாகக் குறைகிறது. பொருள் விளங்காத மூன்றெழுத்து ஒன்று தோன்றுகிறது. பலர் இவற்றைக் கவனிப்பதே இல்லை. சிலரோ கருவி பழுதாயிற்று என்று அஞ்சிவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டுவதில்லை. இக்குறிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தோர்க்கு அவற்றின் பொருளும் தானே விளங்கும்.

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் காமிராவில் வியூபைண்டரே கிடையாது. பெட்டியின் மேற்புறத்தில் பொறித்திருந்த கோடுகளே திசை காட்டின. 100 படங்களுக்கான சுருள் அதனுள் இருந்தது. அது தீர்ந்தபின் பெட்டியை அப்படியே ராச்செஸ்டர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். படம் சரியாக விழுந்ததா என்பது சுருளைக் கழுவிய பிறகே தெரியும். கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அது ஒன்றும் சொல்லவும் இல்லை.

கருவி முதன்முதலாகச் சொன்ன செய்தி, எத்தனையாவது படம் என்பதே. 1892-இல் பாஸ்டன் நகரத்து சாமுவேல் டர்னர் தமது காமிராவின் முதுகில் ஒரு செந்நிறச் சாளரத்தை அமைத்தார். பிலிமுக்குப் பின்னிருந்த தாளில் அச்சிட்ட எண்கள் அதன் வழியே தெரிந்தன. 1895-இல் ஈஸ்ட்மன் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டார். நம் நாட்டில் ஆக்பா கிளிக் காமிராவில், உதகமண்டலத்து ஆலையில் செய்த ‘இந்து’ பிலிமை ஏற்றி, முதுகுப்புறத்துச் சிவப்பு வட்டத்தில் அடுத்த எண் வரும்வரை திருகியவர்கள் இந்த ஏற்பாட்டை நன்கு அறிவர்.

எண்ணைச் சொல்வது எளிது. வெளிச்சத்தைச் சொல்வது அரிது. வெயிலா, மேகமூட்டமா என்று மனிதனே பார்த்து, அதற்கேற்ற நிலையில் விசையை வைக்கவேண்டியிருந்தது. ஒளி பட்டால் சிறிதளவு மின்சாரம் தரும் செலினியம் என்னும் பொருள் இந்நிலையை மாற்றியது. அம்மின்சாரம் ஓர் ஊசியை அசைக்கும். ஊசியின் நிலையைக் கொண்டு வெளிச்சத்தை அளக்கலாம். 1936-இல் வெளிவந்த காண்டாக்ஸ் 3 காமிராவின் தலைமீது இத்தகைய அளவி பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதைப் படிக்கக் கண்ணைச் சாளரத்திலிருந்து எடுக்கவேண்டும். அளந்த கணக்கை லென்ஸுக்கும் ஷட்டருக்கும் கையால் மாற்றவேண்டும். 1938-இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட சூப்பர் சிக்ஸ்-20, அளவியின் கணக்கைக்கொண்டு லென்ஸின் திறப்பைத் தானே அமைத்துக்கொண்டது. அதன் விலை 225 டாலர். வாங்கியவர் மிகச் சிலரே.

இங்கே ஒரு புதுச் சிக்கல் பிறந்தது. மனிதன் தீர்மானித்தவரையில், தவறும் அவனுடையதே. தீர்மானம் கருவியின் கைக்குப் போனபின், கருவியால் இயலாத நேரத்தை மனிதன் எவ்வாறு அறிவது? மாலை மங்கிவிட்டது, லென்ஸை முழுதும் திறந்தாலும் வெளிச்சம் போதாது. இதைக் கருவி சொல்லாவிட்டால், கறுத்துப்போன படம்தான் பின்னால் வந்து சொல்லும். எச்சரிக்கைக் குறியின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது. தானியங்கும் ஆற்றலும் எச்சரிக்கையும் உடன்பிறந்தவை எனலாம்.

1959-இல் ஜெர்மனியில் ஆக்பா நிறுவனம் வெளியிட்ட ஆப்டிமா காமிரா இதற்குத் தெளிவான விடை தந்தது. படம் எடுப்பவர் முதலில் ஒரு விசையை அழுத்தவேண்டும். உடனே சாளரத்தினுள் ஒரு நிறம் தோன்றும். பச்சை வந்தால் வெளிச்சம் போதும்; சிவப்பு வந்தால் போதாது. புகைவண்டியின் கைகாட்டியைக் கண்டு பழகியவர்க்கு இதனை விளக்க எம்மொழியும் வேண்டுவதில்லை.

ஜப்பானிய ஒலிம்பஸ் நிறுவனத்தின் பென் இஇ காமிரா 1961-இல் வந்தது. அதை வடிவமைத்தவர் மைதானி யோஷிஹிசா. அதில் பாட்டரியே இல்லை. லென்ஸைச் சுற்றியிருந்த செலினியமே ஊசியை அசைத்தது. பொத்தானை அழுத்தும்போது ஒரு சிறு பொறி அந்த ஊசியை இறுகப் பிடித்துப் பார்க்கும். ஊசி போதிய அளவு எழவில்லையாயின், சாளரத்தில் ஒரு சிவப்பு நாக்கு எழும்; ஷட்டரும் இயங்க மறுக்கும். 1967-இல் வந்த ட்ரிப் 35 காமிராவும் இவ்வழியையே பின்பற்றியது.

வேறு காமிராக்கள் தடுப்பதை விட்டு, சொல்வதோடு நின்றன. 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக், லென்ஸின் வழியாக வரும் ஒளியையே அளந்து, சாளரத்திலிருந்த ஊசியால் காட்டியது. 1972-இல் புஜிகா எஸ்டி 801, ஊசிக்குப் பதிலாக ஒளியுமிழ் டையோடுகள் ஏழினை வரிசையாக வைத்தது. இருட்டில் ஊசி தெரியாது. இந்த ஒளிப்புள்ளிகளோ தெரியும். 1976-இல் கானன் ஏஇ-1 வந்தது. வெளிச்சம் போதாதபோது அதன் சாளரத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிற்று. ஆனால் ஷட்டரைத் தடுக்கவில்லை. முடிவு எடுப்பவர் மனிதரே என்பது இதன் கொள்கை. இன்றைய காமிராக்கள் வெளிச்ச விஷயத்தில் பெரும்பாலும் இந்த வழியில்தான் செல்கின்றன.

1985-இல் வந்த மினோல்டா 7000, லென்ஸின் கூர்மையையும் தானே அமைத்துக்கொண்டது. கூர்மை கிட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. கிட்டாதபோது சிவப்பு அடையாளம் தோன்றிற்று. காட்சியிலுள்ள விளிம்புகளையும் வெளிச்ச வேறுபாட்டையும் கொண்டே இத்தகைய கருவி கூர்மையை அறிகிறது. வெறுஞ்சுவரையோ, கரையில்லாத வெள்ளை வேட்டியையோ காட்டினால் அது பற்றுக்கோடின்றித் தடுமாறும். அப்போது வேட்டியின் ஓரத்தையோ முகத்தையோ காட்டினால் போதும்.

கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-இல் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1991-இல் அந்நிறுவனமே நிக்கான் எஃப்3 காமிராவை அடிப்படையாகக் கொண்ட டிஜிட்டல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிலிமின் இடத்தில் மின்னணு நினைவகம் அமர்ந்தவுடன், கருவி சொல்லவேண்டிய செய்திகளும் பெருகின. பாட்டரி, நினைவக அட்டை, லென்ஸ் ஆகிய ஒவ்வொன்றும் தன் நிலையைத் தெரிவிக்கலாயிற்று.

இனி இன்றைய குறிகளைப் படிப்போம். ஷட்டர் வேகத்தைக் கருவியின் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். 30 விநாடி என்ற எண் மின்னுகிறது. கருவி தன் எல்லையைத் தொட்டும் வெளிச்சம் போதவில்லை என்பது பொருள். 4000 அல்லது 8000 என்ற எண் மின்னினால், வெளிச்சம் மிகுதி. திறப்பின் எண் மின்னும்போதும் இவ்வாறே கொள்ளவேண்டும்: மிகப் பெரிய திறப்பு மின்னினால் ஒளிக்குறைவு, மிகச் சிறிய திறப்பு மின்னினால் ஒளிமிகுதி. கானன் காமிராக்களில் ‘எர்ர் 01’ தோன்றினால், லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே செய்தி செல்லவில்லை. இணையும் உலோகப் புள்ளிகளைத் துடைக்கவேண்டும். ‘எர்ர் 02’ நினைவக அட்டையைப் பற்றியது. நிக்கான் காமிராவில் ‘சி-எச்-ஏ’ மின்னினால், அதுவும் அட்டையைச் சார்ந்த தொல்லையே. ‘எஃப்-இ-இ’ மின்னினால், லென்ஸிலுள்ள வளையம் மிகச் சிறிய திறப்பில் வைக்கப்படவில்லை. திருப்பி வைத்தால் தீர்ந்தது. இவற்றுள் எதுவும் கருவி பாழாயிற்று என்ற ஓலம் அன்று. இன்ன இடத்தில் என் ஆற்றல் முடிகிறது, இனி நீ பார்த்துக்கொள் என்று கருவி பொறுப்பைத் திருப்பித் தருகிறது; அவ்வளவே.

இவற்றுள் அட்டையைப் பற்றிய குறியே மிகக் கவனிக்கத்தக்கது. சில காமிராக்களில், அட்டை இல்லாமலே ஷட்டரை இயக்க இடமளிக்கும் ஏற்பாடு உண்டு. ஷட்டரின் ஓசை கேட்கும். பின்திரையில் படமும் ஒரு கணம் தெரியும். ஆனால் எதுவும் பதிவாகாது. முன்னாளில் பிலிம் பற்சக்கரத்தில் மாட்டாமல் நழுவியபோதும், கருவியின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனதுண்டு. அன்று அதைச் சொல்வாரில்லை. இன்று ஒரு சிறு குறி சொல்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

ஆயினும் குறிகளை அளவுக்கு மீறி நம்புவதும் தகாது. ஒளிமிக்க சன்னலின் முன்னே பாட்டி அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். கருவி முழுக்காட்சியின் வெளிச்சத்தைச் சராசரியாக அளந்து நிறைவுகொள்ளும். எந்த எண்ணும் மின்னாது. பச்சைப் புள்ளியும் எரியும். படத்திலோ சன்னல் துலங்கும், முகம் இருண்டிருக்கும். பச்சைப் புள்ளி ஏதோ ஒன்று கூர்மையாக இருக்கிறது என்று கூறுமே தவிர, அது முகமா, பின்னிருக்கும் தூணா என்று கூறாது. எச்சரிக்கை இல்லாமை, எல்லாம் நலம் என்பதற்குச் சான்று ஆகாது. நீங்கள் யாரைப் படம் பிடிக்க விரும்புகிறீர்கள் என்பதை எந்தக் கருவியும் அறியாது.

வடபுலத்திலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவர் பலர், ஆண்டுக்கு ஒருமுறையே ஊருக்குச் செல்கின்றனர். அறுபதாம் கலியாணமோ, காதணி விழாவோ, புறப்படும் நாளில் பெரியோரைத் திண்ணையில் அமர்த்தி எடுக்கும் படமோ, மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடத்தக்கவை அல்ல. அடுத்த ஆண்டு அத்திண்ணையில் அமர அவர்கள் இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே பொத்தானை ஒரே மூச்சில் அழுத்திவிடாதீர்கள். பாதி அழுத்தி, அரை விநாடி நிறுத்துங்கள். ஆப்டிமாவின் விசை 1959-இல் செய்த வேலையை இன்று அந்தப் பாதி அழுத்தம் செய்கிறது. கருவி பேசுவது அவ்வேளையில்தான். எண் மின்னுகிறதா, புள்ளி எரிகிறதா, அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை கீழ்வரியைப் பாருங்கள். பின்னர் முகத்தைப் பாருங்கள். அதன்பிறகு அழுத்துங்கள்.