உதைப்புக் குறைந்த ரவையும் உடலில் தங்கும் ஈயமும்

நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டங்களில் வேட்டை என்றால் துவக்கைவிடக் கம்பிச் சுருக்குத்தான் அதிகம் பேசப்படும். 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில் அப்படியொரு சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை. துப்பாக்கி ரவையை மலையகக் குடும்பங்கள் அறிந்துகொண்டது வேறு வழியில். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் அங்கே போரில் அகப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்றும் சன்னத்தையோ செல் துண்டையோ உடலில் சுமக்கிறார்கள். அந்த உலோகங்களுள் ஒன்றான ஈயத்தைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது.

ரிவோல்வர் ரவைக்கு ஈயம் பிடித்தமானதற்குக் காரணம் எளிது. அது கனமானது, மலிவானது, 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆனால் வேகம் கூடினால் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உறையில்லாத ஈய ரவைக்கு வெடிமருந்தை அளவாகவே போடுவார்கள். மருந்து குறைய, சுடுபவரின் கையில் விழும் உதைப்பும் குறையும்.

பிரித்தானிய இராணுவம் இதை நன்கு பயன்படுத்திக்கொண்டது. முதலாம் உலகப் போரில் இருந்த .455 வெப்லி ரிவோல்வர் கடுமையாக உதைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்குவது சிரமமாக இருந்தது. எனவே .38 அளவுக்கு மாறி, 1932 இல் என்ஃபீல்ட் ரிவோல்வரைச் சேவைக்கு எடுத்தார்கள். அதன் ஈய ரவை ஏறக்குறைய 13 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 190 மீற்றர். ஏகே-47 இன் ரவை விநாடிக்கு 700 மீற்றருக்கு மேல் போகும். உடலுக்குள் விரியும் ரவைகளை 1899 ஹேக் பிரகடனம் தடைசெய்திருந்ததால், இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில் உலோக உறையிட்ட ரவைக்கு மாற வேண்டியதாயிற்று.

இந்த ‘மென்மை’ சுட்டவரின் மணிக்கட்டுக்கு மட்டுமே. வேகம் குறைந்த ரவை மறுபக்கத்தால் வெளியேறாமல் உடலுக்குள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் சுட்ட வெற்றுத் தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்புவது ஒரு பொழுதுபோக்கு. மூட்டுவலி உள்ள முதியவர்கள் உதைப்புக் குறைந்த தோட்டாவை விரும்புகிறார்கள். அங்கேயும் விபத்து உண்டு: மருந்து மிகக் குறைந்தால் ரவை குழலுக்குள் சிக்கும், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இலங்கையில் அனுமதியின்றித் தோட்டா செய்வது குற்றம். 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. ரவைக்கோ மீன்வலைக் குண்டுக்கோ, எதற்காக உருக்கினாலும் ஈயத்தின் தூசு உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வரும். முதலில் பாதிக்கப்படுவது தவழும் குழந்தைதான்.

இனி உடலுக்குள் இருக்கும் ஈயம். தசைக்குள் தங்கிய துண்டைச் சுற்றி வடுத் திசு மூடிக்கொள்ளும். அதிலிருந்து இரத்தத்தில் கலப்பது பெரும்பாலும் குறைவு. அகற்றப்போனால் பாதிப்பு கூடலாம் என்பதால்தான் வைத்தியர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். மூட்டுக்குள் இருந்தால் கதை வேறு. முழங்கால், இடுப்பு, தோள் மூட்டுகளில் சுரக்கும் திரவம் ஈயத்தைக் கரைக்கும். முள்ளந்தண்டு வட்டுக்குள் இருந்தாலும், எலும்பை நொறுக்கிப் பல சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தாலும் கவனம் தேவை. சில மாதங்களிலும் தெரியலாம், பல ஆண்டுகள் கழித்தும் தெரியலாம்: விடாத களைப்பு, வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை, தலைவலி, மறதி, மணிக்கட்டுத் தளர்ச்சி. கொழுந்து பறிக்கும் பெண் களைப்பு என்று சொன்னால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதுதான் வழமை. உடலில் சன்னம் இருப்பதை அவர் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

கருவுற்ற பெண்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி, நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

எல்லாத் துண்டும் ஈயமல்ல. செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. அது ஈயத்தைப்போல் நஞ்சாகாது, ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை இழுக்கும். கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ இருந்தால் ஆபத்து. ஈயத்தைக் காந்தம் இழுக்காது. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாதவர்கள் ஸ்கானுக்கு முன் பழைய எக்ஸ்ரே படத்தைக் காட்ட வேண்டும். படம் தொலைந்திருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது புதிதாக ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டு, எந்த இடத்தில் எத்தனை துண்டு என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.