பேப்பர் வளையும், இழுபடாது

இன்னைக்கு பேப்பர் விமானம். கிளாஸ்ல மடிச்சு வீசுறோமே, அது இல்லைங்க. இன்ஜின், சக்கரம் வரைக்கும் அச்சு அசலா இருக்குற மாடல்.

நான் இன்ஜினியரிங் படிச்சது பென்னலூர்ல. சுத்திலும் கார் கம்பெனிகள். அங்கே பிரஸ் மெஷின் அழுத்தினா தகடு இழுபட்டு பானட் ஆகிடும். பேப்பர் வளையும், ஆனா இழுபடாது. குழாய் வரும், கூம்பு வரும், உருண்டை வராது. கோளத்தோட மேற்பரப்பை இழுக்காம, கிழிக்காம தட்டையாக்க முடியாதுன்னு கணித மேதை காஸ் 1827-லேயே காட்டிட்டார்.

இந்தக் கலையோட நுட்பம் எல்லாம் அந்தத் தடையைச் சமாளிக்கிற வழிகள்தான். விமானத்தோட உடம்பை வளையம் வளையமா பிரிப்பாங்க. ஒவ்வொண்ணும் கூம்போட ஒரு துண்டு. விரிச்சா தட்டையான பட்டை. வடிவம் நசுங்காம இருக்க உள்ளே கெட்டி அட்டையில வட்டத் தடுப்பு. மூக்குப் பகுதியைப் பூவிதழ் மாதிரி கீறி நுனிகளைச் சேர்த்து ஒட்டுவாங்க. வெட்டின விளிம்புல தெரியுற வெள்ளையை கலர் பென்சிலால மறைப்பாங்க.

இதை வளர்த்தது பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போர்ல உலோகமும் ரப்பரும் ராணுவத்துக்குப் போயிடுச்சு. பொம்மைக்கு மிஞ்சினது பேப்பர். 1944-ல அமெரிக்காவுல வீட்டீஸ் சீரியலோட பெட்டி மூடியையும் சில சென்ட்டையும் அனுப்பினா, வாலிஸ் ரிக்பி வடிவமைச்ச போர் விமானங்கள் தபால்ல வரும். மூக்குல ஒரு பென்னி காசை எடைக்கு வெச்சா பறக்கும். போலந்துல 1957-ல 'மாவே மொடெலாஷ்' பத்திரிகை வந்துச்சு. படிச்சுட்டு வைக்கிற இதழ் இல்ல, வெட்டி ஒட்டுற இதழ்.

போர் முடிஞ்சது, பிளாஸ்டிக் கிட் வந்தது. ஆனா பேப்பர் போகல. 2008-ல அமெரிக்க இளைஞர் லூக்கா ஐகோனி-ஸ்டூவர்ட் ஆபீஸ் ஃபைல் அட்டையில ஒரு போயிங் 777 கட்ட ஆரம்பிச்சார். நிஜ விமானத்துல 60-ல் ஒரு பங்கு அளவு. அவர் எடுத்துக்கிட்டது நம்ம ஏர் இந்தியா விமானம்! கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, அட்டையில பிரின்ட் எடுத்து, கையால வெட்டினார். சக்கரங்கள்கூட உள்ளே மடங்கும். வருஷக்கணக்கா அதுலயே உட்கார்ந்திருந்தார்.

என் வேலை முழுக்க ஸ்க்ரீன்ல. அங்கே எந்தப் பரப்பையும் மவுஸால இழுத்துடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. பேப்பர் தடுக்கும். ஒரு பொருளோட குணத்தை மதிச்சு டிசைன் பண்ற பழக்கம் நம்ம தலைமுறைக்குக் குறைஞ்சுட்டு வருது. அதைக் கத்துக்க ஃபேக்டரி வேண்டாம். ஒரு ஃபைல் அட்டை, பிளேடு, பசை போதும். மூக்கை மட்டும் கடைசியா செய்யுங்க. கை பழகினப்புறம்தான் அது ஒழுங்கா வரும்.