ரோட்டோரம் புதைத்த 180 லிட்டர் நெருப்பு

1940 ஜூன். டன்கர்க் கடற்கரையிலிருந்து மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரோடு இங்கிலாந்து திரும்பிட்டாங்க. ஆனா டாங்கியை அடிக்கிற பீரங்கிகளில் பெரும்பகுதி பிரான்ஸிலேயே கிடக்குது. ஜெர்மன் படை கடல் தாண்டி வந்தா எதை வைத்துத் தடுப்பது?

கைவசம் தாராளமாக இருந்தது பெட்ரோல். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்கும் பிரிட்டனுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. உடனே டொனால்ட் பேங்க்ஸ் தலைமையில் பெட்ரோலியப் போர்த் துறை என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

முதல் யோசனை சிம்பிள். மேட்டில் டேங்க், அங்கிருந்து குழாய், கீழே ரோட்டில் எண்ணெயைக் கொட்டிக் கொளுத்துவது. பள்ளமான ரோடு, பக்கத்திலேயே மேடு, இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம்தான் குறைவு.

அப்புறம் வந்தார் வில்லியம் லிவன்ஸ். முதல் உலகப் போரிலேயே ரசாயனக் குண்டு வீசும் கருவி செய்த எஞ்சினியர். இவருடைய 'ஃபிளேம் ஃபுகாஸ்' வெறும் 40 கேலன் பீப்பாய், அதாவது சுமார் 180 லிட்டர். பெட்ரோலும் கேஸ் ஆயிலும் கலந்து நிரப்பி, ரோட்டோரக் கரையில் பக்கவாட்டில் புதைத்து, பின்னால் சின்ன வெடிமருந்து வைப்பார்கள். வயரில் கரண்ட் பாய்ந்ததும் பீப்பாய் கிழிந்து, சுமார் 3 மீட்டர் அகலம், 27 மீட்டர் நீளத்துக்குத் தீ பாயும். பம்ப் கிடையாது, வால்வு கிடையாது. பழுதாக எதுவுமே இல்லாத டிசைன். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு சொல்லவே சங்கடமாகவும் இருக்கு.

ஏன்னா அந்த சுவிட்சைப் பிடிக்கப் போவது பெரும்பாலும் ஹோம் கார்டு. பகலில் கடையிலோ ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி காவலுக்கு வருகிற ஆள். முதல் வண்டி நேர் எதிரே வரும்வரை அவர் மூச்சை அடக்கிக் காத்திருக்கணும். ஒரு பீப்பாய், ஒரே தடவை. ரோல்பேக் கிடையாது. அழுத்தினால் எதிரே இருப்பவர்கள் உயிரோடு எரிவார்கள். அது தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கணும்.

ஏறக்குறைய 50,000 பீப்பாய்கள், சுமார் 7,000 இடங்கள். படையெடுப்பு வரவே இல்லை. ரஷ்யர்கள் இதே மாதிரி புதைத்து வைக்கும் தீக்கருவிகளை நிஜமாகவே பயன்படுத்தினார்கள். கொரியாவிலும் வியட்நாமிலும் அமெரிக்கர்கள் பீப்பாயில் நேபாம் ஊற்றினார்கள்.

பிரிட்டனில் புதைத்ததைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். வெகு சில இடங்களில் மட்டும் துருப்பிடித்த பீப்பாய்கள் ரோட்டோர மண்ணில் தங்கிவிட்டன.