பொருள்-உறவுப் பொருத்தல்

நிரலில் உள்ள வகுப்புகளை உறவுமுறைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளோடு இணைக்கும் நுட்பம். நிரலர்களிடையே ஓ.ஆர்.எம். என்றே வழங்குகிறது. எளிய வடிவில் ஒரு வகுப்புக்கு ஓர் அட்டவணை, அந்த வகுப்பிலிருந்து உருவாகும் ஒரு பொருளுக்கு ஒரு வரிசை, ஒரு பண்புக்கு ஒரு நெடுவரிசை. அட்டவணையைப் பற்றி வகுப்புக்கு எவ்வளவு தெரியலாம் என்ற கேள்வியே இதன் வரலாற்றை நடத்திவந்திருக்கிறது.

வகுப்பு என்ற கருத்து 1960களில் நார்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியில் பிறந்தது. உறவுமுறை மாதிரியை 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். அன்றைய தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தச் சுமையை நீக்கி, மதிப்புகளால் மட்டுமே தரவுகளை இணைத்தது காட்டின் பெரும் சாதனை. பொருள்களோ ஒன்றையொன்று சுட்டியே வாழ்பவை. காட் வெளியேற்றிய சுட்டிகள் நிரலின் வழியாகத் திரும்பி வந்தன. பொருள்களுக்கும் அட்டவணைகளுக்கும் இடையிலான முரண்பாட்டின் வேர் இதுதான்.

பொருள்களை அப்படியே சேமிக்கும் தரவுத்தளங்கள் வந்தும் 1990களில் நிறுவனங்கள் அட்டவணைகளைக் கைவிடவில்லை. அதனால் இடைநிலை மென்பொருள்கள் வளர்ந்தன. கனடாவின் தி ஆப்ஜெக்ட் பீப்பிள் நிறுவனம் ஸ்மால்டாக் மொழிக்கு டாப்லிங்க்கை உருவாக்கியது. நெக்ஸ்ட் நிறுவனம் 1994இல் என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டது. ஜாவா உலகில் இதே வேலைக்கு வந்த என்டிட்டி பீன்கள் நிரல் எழுதுவோரை வாட்டியெடுத்தன. அதற்கு மாற்றாக 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட், சாதாரண வகுப்பையே அட்டவணையோடு பொருத்தியது. அதன் வழிமுறைகளில் பெரும்பாலானவை 2006இல் வெளியான ஜே.பி.ஏ. என்ற ஜாவா தரத்துக்குள் சென்றன.

மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூல் இத்துறைக்குப் பொதுச் சொற்களைத் தந்தது. அதில் மரபுரிமை, அதாவது ஒரு வகுப்பின் பண்புகளை அதன் கீழ்நிலை வகுப்புகள் பெறுவது, குறித்த பகுதி இன்றும் வடிவமைப்பாளருக்குத் தேவைப்படுவது. 'ஊழியர்' வகுப்பின் கீழ் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என இரு வகுப்புகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லோரையும் ஒரே அட்டவணையில் வைத்தால் தேடல் எளிது. ஆனால் ஒப்பந்த முடிவு நாள் நிரந்தர ஊழியரின் வரிசையில் வெற்றாகவே கிடக்கும், அந்த நெடுவரிசை கட்டாயம் நிரப்பப்பட வேண்டும் என்று விதிக்கவும் முடியாது. வகுப்புக்கு ஓர் அட்டவணை என்று பிரித்தால் தரவு சீராக இருக்கும். ஆனால் ஓர் ஊழியரின் முழு விவரத்துக்கு அட்டவணைகளைச் சேர்த்தாக வேண்டும். கீழ்நிலை வகுப்புகளுக்கு மட்டும் தனித்தனி முழு அட்டவணை அமைத்தால் 'எல்லா ஊழியரும்' என்ற எளிய கேள்வியே கடினமாகிவிடும். எதைத் தேர்வது என்பதை வகுப்பு வரைபடத்தைவிட, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளே தீர்மானிக்க வேண்டும்.

2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. அதன் ஆக்டிவ் ரெக்கார்ட், நெடுவரிசைப் பெயர்களை அட்டவணையிலிருந்தே படித்து வகுப்புக்குப் பண்புகளைத் தந்தது. வேகமாக எழுத முடிந்தது; வகுப்பு அட்டவணையின் நிழலானது.

அட்டவணையை முழுவதும் மறைப்பதன் விலையும் தெரியவந்தது. 100 நூல்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஆசிரியரையும் கேட்கும் சாதுவான நிரல், தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறையில், நூல்களுக்கு ஒன்றும் ஆசிரியர்களுக்கு நூறுமாக 101 வினவல்கள் வரை அனுப்பிவிடும். டெட் நியூவர்ட் 2006இல் எழுதிய கட்டுரை, பொருள்களை அட்டவணைகளோடு பொருத்தும் முயற்சியையே வியட்நாம் போரோடு ஒப்பிட்டது. அதே ஆண்டில் பைத்தான் மொழிக்கு மைக் பேயர் வெளியிட்ட எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி அட்டவணையை மறைக்க முயலவில்லை. தரவுத்தள வினவல் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் வினவல்களை உருவாக்கும் அடுக்கைத் தனியே வைத்து, பொருத்தலை அதன்மேல் கட்டியது. நிரலர் விரும்பிய அடுக்கில் நின்று வேலை செய்யலாம்.